கேட்க ஓர் அத்தை

உகாண்டாவின் புகாண்டா பகுதியில் உடலுறவைப் பற்றித் தாய் மகளிடம் வாய் திறப்பது வழக்கமில்லை. அது தகப்பனுடன் பிறந்தவளின் பொறுப்பு. செங்கா எனப்படும் அந்த அத்தைதான், வயதுக்கு வரும் பெண்ணைப் பக்கத்தில் உட்காரவைத்து, உடம்பில் நேரும் மாற்றங்களில் தொடங்கிப் படுக்கையறை வரை எல்லாவற்றையும் சொல்லித் தருவாள். பெற்றவளிடம் கேட்கக் கூசுவதை அவளிடம் கேட்கலாம்.

இந்த ஏற்பாடு மெல்ல மெல்லக் குலைந்தது. விடுதிப் பள்ளிகள் பெண்பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்தன. பிழைப்பு தேடிப் பெற்றோர் தலைநகர் கம்பாலாவுக்குப் போனார்கள். அத்தை ஊரிலேயே இருந்துவிட்டாள். 1982 வாக்கில் விக்டோரியா ஏரிக்கரையின் கசென்செரோ என்ற மீனவ ஊரில் ஆட்கள் உடல் வற்றிச் சாகத் தொடங்கினார்கள். 'ஸ்லிம்' என்று ஊரார் பெயரிட்ட அந்த நோய்தான் எய்ட்ஸ். அது அத்தைகளையும் கொண்டுபோனது.

பிள்ளைகள் கெட்டுப்போனதால்தான் நோய் பரவியது என்று பெரியவர்கள் சொல்வதுண்டு. அதை என்னால் ஏற்க முடியவில்லை. பள்ளிக் கட்டணம் கட்ட வழியில்லாத பெண்ணிடம், கையில் காசுள்ள ஒரு நடுவயதுக்காரர் வருகிறார். பல உறவுகளைக் கடந்து வந்தவர் என்பதால், அவளுடைய வயதுப் பையனைவிட அவரிடம் கிருமி இருக்க வாய்ப்பு அதிகம். ஆணுறை போடச் சொல்ல அவளுக்கு வாய் வராது. சொன்னால் காசு நிற்கும். சஹாராவுக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்காவில் இளம்பெண்களுக்கு, அதே வயது ஆண்களைவிடத் தொற்று அதிகமாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இதில் ஒழுக்கத்தைவிடக் கைக்காசும் வயது வித்தியாசமும்தான் பெரிதாகத் தெரிகின்றன.

உகாண்டாவில் 1986-இல் ஆட்சிக்கு வந்த முசெவேனியின் அரசு இந்த நோயைப் பற்றி வெளிப்படையாகப் பேசியது. 1989-இல் பாடகர் ஃபிலி லுட்டாயா தனக்குத் தொற்று இருப்பதை ஊரறியச் சொல்லி, பள்ளிகளுக்கும் தேவாலயங்களுக்கும் போய்ப் பேசினார்; அந்த ஆண்டு முடிவதற்குள் இறந்தும் போனார். 1993-இல் 'ஸ்ட்ரெயிட் டாக்' என்ற இதழ் வந்தது. வீட்டில் கேட்க முடியாததை வளரிளம் பருவத்தினர் அதற்குக் கடிதமாக எழுத, பதில் அச்சில் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் வயதுவந்தோரில் ஏறக்குறைய 15 விழுக்காடாக இருந்த தொற்று, அடுத்த பத்தாண்டில் 6 விழுக்காடு அளவுக்கு இறங்கியது. தொற்றியவர்கள் இறந்துபோனதும் இந்த இறக்கத்தில் அடங்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

பழைய அத்தையை அப்படியே திரும்பக் கொண்டுவருவதிலும் எனக்கு உடன்பாடில்லை. புருஷன் மனம் கோணாமல் நடக்கச் சொல்லித் தந்தவளும் அவள்தான். அந்தப் பணிவு நோய்க்கே வழிவிடும். இன்று கம்பாலாவில் காசு வாங்கிக்கொண்டு வகுப்பெடுக்கும் செங்காக்கள் இருக்கிறார்கள், வானொலியிலும் பேசுகிறார்கள். மசாக்கா பகுதியில் ஆய்வாளர்கள் கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, அத்தை ஸ்தானத்தில் இருந்து பேசவைத்துப் பார்த்தார்கள். சரியான வழி இதுதான் என்பது என் எண்ணம். ஆணுறையைப் பற்றியும் ரத்தப் பரிசோதனையைப் பற்றியும் கூசாமல் பேசி, 'வேண்டாம் என்று நீ சொல்லலாம்' என்றும் சொல்லித் தரும் ஓர் அத்தையை ஊர்தோறும் அமர்த்துங்கள். அந்தப் பெண்ணின் பள்ளிக் கட்டணத்தையும் யாராவது கட்டுங்கள்.