உடலுக்குள் இரண்டு கட்டங்கள்

கோவிட் நோயைத் தரும் சார்ஸ்-கோவி-2 வைரஸின் மரபுத்தகவல் முழுவதும் ஏறத்தாழ 30,000 எழுத்துகள் கொண்ட ஒரே ஆர்.என்.ஏ. இழையில் அடங்கிவிடுகிறது. அந்த இழையால் தனியாக ஒரு புரதத்தைக்கூட உண்டாக்க முடியாது. எல்லாவற்றுக்கும் நம் செல்தான் வேண்டும். ஒரே வைரஸ் ஒருவரைச் சளியோடு விட்டுவிட்டு இன்னொருவரை வென்டிலேட்டர் வரை கொண்டுபோனது ஏன் என்பதையும் அங்கேதான் தேட வேண்டும்.

வைரஸின் ஸ்பைக் புரதம் பற்றிக்கொள்ளும் ஏசிஇ2, இரத்த அழுத்தத்தைச் சீராக்க நம் செல்களின் மேற்பரப்பில் இருக்கும் நொதி. பற்றிக்கொண்டால் மட்டும் போதாது, ஸ்பைக் இரண்டு இடங்களில் வெட்டப்படவும் வேண்டும். ஃபியூரின், டிஎம்பிஆர்எஸ்எஸ்2 என்ற நம் நொதிகளே அதையும் செய்து கொடுக்கின்றன. ஆனால் பெரும்பாலும் வெறும் ஜலதோஷமே தரும் என்எல்63 என்ற கொரோனா வைரஸும் இதே ஏசிஇ2 வழியாகத்தான் நுழைகிறது. ஆகவே நோயின் கடுமை நுழைவாயிலில் முடிவாவதில்லை.

உள்ளே நடப்பதுதான் முக்கியம். வைரஸ் புகுந்ததை உணர்ந்த செல், இன்டர்ஃபெரான் என்ற புரதத்தைச் சுரந்து அக்கம்பக்கத்துச் செல்களை எச்சரிக்கும். ஆனால் வைரஸ் முதலில் தயாரிக்கும் புரதங்களில் ஒன்றான என்எஸ்பி1, புரதம் கட்டும் ரைபோசோமில் தூது ஆர்.என்.ஏ. நுழையும் பாதையை அடைத்துவிடுகிறது. வைரஸின் சொந்த ஆர்.என்.ஏ.க்கள் மட்டும், தலைப்பகுதியிலுள்ள ஒரு சிறு மடிப்பின் துணையால், அந்த அடைப்பைத் தாண்டிவிடுகின்றன. இன்டர்ஃபெரானுக்கான கட்டளையைச் செல் எழுதினாலும் அது புரதமாவது தடைபடுகிறது. எச்சரிக்கை எழாத இந்த முதல் கட்டத்தில் வைரஸ் தாராளமாகப் பெருகுகிறது.

இன்டர்ஃபெரான் செயல்படாவிட்டால் நோய் கடுமையாகும் என்பதை மனித உடலிலேயே காட்டியது 2020-இல் வெளியான ஓர் ஆய்வு. உயிருக்கு ஆபத்தான நிமோனியா கண்ட 987 பேரில் 101 பேரின் இரத்தத்தில், சொந்த இன்டர்ஃபெரானையே முடக்கும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். வைரஸ் வருமுன்பே அவர்களின் எச்சரிக்கை அமைப்பு பழுதாகியிருந்தது.

இரண்டாம் கட்டம் இதன் மறுபக்கம். தாமதமாக விழித்த நோயெதிர்ப்பு, அளவுமீறிய அழற்சியாகி நுரையீரலையே தாக்குகிறது. அழற்சியைத் தணிக்கும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைத்தது என்று பிரிட்டனின் ரெக்கவரி ஆய்வு 2020-இல் காட்டியது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதே மருந்தால் பயன் எதுவும் இல்லை. அவர்கள் பெரும்பாலும் முதல் கட்டத்தில் இருந்தார்கள். அப்போது தேவைப்பட்டது எதிர்ப்பைத் தூண்டுவது, அடக்குவது அல்ல. இந்த வேறுபாடு சாதாரணமானதன்று. 2021-இன் இரண்டாம் அலையில் இந்தியாவில் பலர் காய்ச்சல் தொடங்கியதுமே வீட்டில் ஸ்டீராய்டு மாத்திரைகளை விழுங்கினார்கள். சர்க்கரை நோயாளிகளிடையே கருப்புப் பூஞ்சை நோய் பரவியதற்கு, கட்டுப்பாடற்ற ஸ்டீராய்டு பயன்பாடும் ஒரு காரணம்.