சமாரியாளின் குடத்துத் தண்ணீர்

தியான வேதபகுதி: யோவான் 4:1-42

 மேலே சொன்ன வேதபகுதியை ஒருமுறை முழுவதும் வாசித்துவிட்டு இதைப் படித்தால் பிரயோஜனமாயிருக்கும்.

இந்த அதிகாரத்திலிருந்து எத்தனையோ செய்திகள் கேட்டிருக்கிறோம். ஜீவத்தண்ணீரைப் பற்றிக் கேட்டிருக்கிறோம். ஆவியோடும் உண்மையோடும் தொழுதுகொள்ளுவதைப் பற்றி நானே பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். ஆனால் ஜீவத்தண்ணீரைப் பேசுவதற்கு முன்னே கர்த்தர் சாதாரணத் தண்ணீரைப் பற்றிப் பேசினார். அந்த இடத்தை நாம் வேகமாய்த் தாண்டிப் போய்விடுகிறோம்.

நடுப்பகல் வேளை. நடந்த களைப்பில் இயேசு யாக்கோபுடைய கிணற்றருகே உட்கார்ந்திருக்கிறார். தண்ணீர் மொள்ள ஒரு சமாரிய ஸ்திரீ வருகிறாள். முன்பின் தெரியாதவள். அவளிடம் அவர் சொன்ன முதல் வார்த்தை என்ன? பிரசங்கமா? இல்லை. கண்டிப்பா? இல்லை. குடிக்கத் தண்ணீர் கேட்டார். அவ்வளவுதான்.

அவள் அதிர்ந்துபோனாள். நீர் யூதராயிருந்துகொண்டு என்னிடத்தில் எப்படிக் கேட்கலாம் என்றாள். யூதருக்கும் சமாரியருக்கும் சம்பந்தம் கிடையாது என்று அதே 9-ம் வசனம் விளக்கம் கொடுக்கிறது. அங்கே மூலபாஷையில் வருகிற கிரேக்கச் சொல்லுக்குச் சேர்ந்து புழங்குவது என்ற கருத்து உண்டு. சமாரியர் புழங்கிய பாத்திரத்தை யூதர் தொடமாட்டார்கள் என்பதுதான் இதற்கு அர்த்தம் என்று சொல்லுகிற வேதபண்டிதர்களும் இருக்கிறார்கள். அடுத்து 11-ம் வசனத்தைப் பாருங்கள். மொண்டுகொள்ள உம்மிடத்தில் பாத்திரம் இல்லையே, கிணறும் ஆழமாயிருக்கிறதே என்கிறாள். அப்படியானால் அவர் குடிக்க வேண்டுமென்றால் எதில் குடிக்க வேண்டும்? அவள் குடத்தில்தான்! வானத்தையும் பூமியையும் உண்டாக்கினவர், தீட்டு என்று ஒதுக்கின குடத்தில் வாய் வைக்கத் தயாராய் உட்கார்ந்திருக்கிறார். அல்லேலூயா!

சீஷர்கள் அந்த நேரத்தில் எங்கே போயிருந்தார்கள்? அதே சமாரியர் ஊருக்குள் சாப்பாடு வாங்கப் போயிருந்தார்கள். காசு கொடுத்து வாங்குவதில் அவர்களுக்குக் கஷ்டமில்லை. காசை வைத்தோம், பொருளை எடுத்தோம், வந்தோம். அதில் உறவு ஒன்றும் இல்லை. கேட்டு வாங்குவது வேறே. கேட்கிறவன் கொஞ்சம் தாழ வேண்டும். கொடுக்கிறவள் கொஞ்சம் உயருகிறாள். கர்த்தர் அவளை உயர்த்தத்தான் கேட்டார் என்று நான் விசுவாசிக்கிறேன்.

பிரியமானவர்களே, இது நம்முடைய தேசத்தில் யாருக்கும் விளங்கவைக்க வேண்டிய காரியமல்ல. டீக்கடையில் சிலருக்கு ஒரு டம்ளர், சிலருக்கு வேறே டம்ளர், இன்னும் சிலருக்குக் கொட்டாங்கச்சி. குடித்தவனே கழுவிக் கவிழ்த்து வைக்க வேண்டும். தண்ணீர் என்றால் குவித்த கையில் உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். மகாராஷ்டிர மாநிலத்தில் மகாட் என்கிற ஊரில் 1927-ம் வருஷம் மார்ச் 20-ந் தேதி டாக்டர் அம்பேத்கர் ஜனங்களைக் கூட்டிக்கொண்டு போய்ப் பொதுக்குளத்துத் தண்ணீரை அள்ளிக் குடித்தார். ஒரு கை தண்ணீர்! அதற்காக அந்த ஜனங்கள் அடிபட்டார்கள். அப்புறம் குளத்துக்கே தீட்டுக் கழித்தார்கள். 1950-ல் நடைமுறைக்கு வந்த நம்முடைய அரசியல் சட்டம் 17-ம் பிரிவில் தீண்டாமையை ஒழித்துவிட்டது. சட்டம் ஒழித்தது, சரி. நாக்கும் வயிறும் இன்னும் ஒழிக்கவில்லை.

அது உலகத்தார் காரியம் பாஸ்டர், சபையில் அப்படி இல்லையே என்று சொல்லாதீர்கள். 1833-ல் கல்கத்தா பேராயராயிருந்த டேனியல் வில்சன், தென்னிந்திய சபைகளில் சாதியை விட்டுவிட வேண்டும் என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரில் பெரிய கலகம் வந்தது. இராப்போஜனப் பாத்திரம் எல்லோருக்கும் ஒன்று என்றபோது, அநேகர் சபையைவிட்டே வெளியே போனார்கள். இயேசுவின் இரத்தத்துக்கு அடையாளமான பாத்திரம்! அதிலேயே முதலில் குடித்தவன் யார் என்று பார்த்தார்கள்.

நாம் பெந்தெகொஸ்தேக்காரர், பாரம்பரிய சபைக்காரர்கள் அல்ல என்று மார்தட்டுகிறோம். நம்முடைய சரித்திரமும் கொஞ்சம் தெரிந்திருக்கட்டும். அமெரிக்காவில் அடிமைகளாயிருந்த பெற்றோருக்குப் பிறந்தவர் வில்லியம் சீமோர். அபிஷேகத்தைப் பற்றிய வேதபாடம் நடந்த இடத்தில் வெள்ளைக்காரரோடு உட்கார அவருக்கு அனுமதி இல்லை. திறந்திருந்த கதவுக்கு வெளியே இருந்து கேட்டார். அந்த மனுஷனைத்தான் தேவன் எடுத்துப் பயன்படுத்தினார். 1906-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணம் அசூசா தெருவில், குதிரை லாயமாய்க் கிடந்த ஒரு பழைய கட்டிடத்தில் எழுப்புதல் பற்றிக்கொண்டது. கறுப்பரும் வெள்ளையரும் ஒரே இடத்தில் முழங்கால்படியிட்டார்கள். ஆனால் சில வருஷங்களுக்குள்ளே நிறத்தின்படி தனித்தனிச் சபைகளாய்ப் பிரிந்தார்கள். அந்நியபாஷை இருந்தது. பந்தி பிரிந்தது!

1994 அக்டோபரில் மெம்பிஸ் பட்டணத்தில் இரண்டு பக்கத்துப் பெந்தெகொஸ்தே தலைவர்களும் கூடினார்கள். 1968-ல் மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்ட அதே பட்டணம். அங்கே டொனால்டு எவான்ஸ் என்ற வெள்ளைக்காரப் போதகர் தண்ணீர்ப் பாத்திரத்தோடு வந்து, இத்தியேல் கிளமன்ஸ் என்ற கறுப்பினப் பேராயரின் கால்களைக் கழுவினார். எத்தனையோ வருஷம் மாநாடும் தீர்மானமும் செய்யாததை ஒரு பாத்திரத் தண்ணீர் செய்தது. கழுவினவரைப் பெரிதாய்ப் பேசுகிறோம். காலை நீட்டிக் கொடுத்தவருக்கும் எத்தனை கிருபை வேண்டியிருந்திருக்கும்!

இப்போது நம்முடைய சபைக்கு வருகிறேன். கோபப்படாதீர்கள், உங்களை நேசிக்கிறபடியால்தான் எழுதுகிறேன்.

காலனியில் வீட்டு ஜெபம் வைக்கிறோம். மெயின் ரோட்டு விசுவாசிகளும் வருகிறார்கள். பாடுகிறார்கள், கைதட்டுகிறார்கள், கண்ணீர் விட்டு ஜெபிக்கிறார்கள். ஸ்தோத்திரம். கடைசி ஆமென் சொல்லி முடித்தவுடன் அந்த வீட்டுச் சகோதரி தட்டில் டீயைக் கொண்டு வருகிறாள். அப்போதுதான் ஒருத்தருக்கு வயிறு சரியில்லாமல் போகிறது. இன்னொருத்தர் இப்பதான் குடிச்சிட்டு வந்தேம்மா என்கிறார். வேறொரு அம்மாவுக்கு அன்றைக்கென்று உபவாசம். சர்க்கரை வியாதிக்காரரை நான் சொல்லவில்லை, அவர்களுக்குச் சர்க்கரை இல்லாமல் போட்டுத் தரத் தெரியாதா? தட்டு வந்தபடியே திரும்பி உள்ளே போகிறது. அந்தச் சகோதரி ஒன்றும் சொல்லமாட்டாள். ஒவ்வொரு முறையும் தட்டைக் கீழே வைக்கிற அவள் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

அதே ஜனங்கள் கிறிஸ்துமஸ் சமயத்தில் காலனிக்கு அரிசியும் சேலையும் கொண்டு போய்க் கொடுக்கிறார்கள். நல்ல காரியம். ஆனால் கொடுக்கிறபோது நம் கை மேலே இருக்கிறது. மேலே இருக்கிற கைக்கு ஒரு சோதனையும் இல்லை. சாறிபாத் ஊர் விதவையிடம் எலியா என்ன செய்தார்? யேசபேலின் தேசமாகிய சீதோன் நாட்டுக்காரி அவள். முதலில் தண்ணீர் கேட்டார், பிறகு அப்பமும் கேட்டார். கடைசிப் பிடி மாவு வைத்திருந்தவளிடத்தில் தேவ மனுஷன் கையேந்தினார்.

சிலர் என்னிடம் கேட்பதுண்டு: பாஸ்டர், பிற மதத்தார் கொடுத்தால் வாங்கிச் சாப்பிடலாமா? ஒருமுறை நோன்பு மாதத்தில் ரயிலில் வந்தேன். சாயங்காலம் நோன்பு திறக்கிற நேரம். எதிரே இருந்த பெரியவர் தாம் வாயில் வைக்குமுன்னே டப்பாவைத் திறந்து, பெட்டியில் இருந்த எல்லோருக்கும் பேரீச்சம்பழம் நீட்டினார். விடிந்ததிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காதவர்! நம்முடைய விசுவாசி ஒருவர் வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தார். நான் அவருக்கு முன்பாகவே வாயில் போட்டு, நன்றி பாய் என்றேன். விக்கிரகத்துக்குப் படைத்தது என்று சொல்லிக் கொடுத்தால் பணிவாய் வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்கு 1 கொரிந்தியர் 10:28 இருக்கிறது. ஆனால் அதற்கு முந்தின வசனமும் வேதத்தில்தான் இருக்கிறது. முன்னே வைத்ததை விசாரியாமல் சாப்பிடச் சொல்லுகிறது. 28-ஐ மனப்பாடம் பண்ணினவர்கள் 27-ஐயும் படிக்க வேண்டும்.

லூக்கா 9-ல் சமாரியர் ஒரு கிராமத்தில் இயேசுவை ஏற்றுக்கொள்ளவில்லை. யாக்கோபும் யோவானும், வானத்திலிருந்து அக்கினி இறங்கி இவர்களை அழிக்கட்டுமா என்று கேட்டார்கள். அப்போஸ்தலர் 8-க்கு வாருங்கள். அதே யோவான் பேதுருவோடு சமாரியாவுக்குப் போகிறார். அவர்கள் தலைமேல் கை வைக்கிறார். பரிசுத்த ஆவி இறங்குகிறார்! அழிக்கிற அக்கினியைக் கேட்டவன் கையாலேயே அபிஷேகத்தின் அக்கினி போயிற்று. இடையில் என்ன நடந்தது என்று வேதம் விவரமாய்ச் சொல்லவில்லை. ஆனால் யோவான் 4-ம் அதிகாரத்தில் கர்த்தர் அந்தச் சமாரியர் ஊரிலே இரண்டு நாள் தங்கினார் என்று எழுதியிருக்கிறது. இரண்டு நாள் தங்கினவர்கள் யார் வீட்டில் சாப்பிட்டிருப்பார்கள், சொல்லுங்கள் பார்ப்போம்.

வருகிற மாதத்தின் இரண்டாம் வெள்ளிக்கிழமை மாலை 7 மணிக்குக் காலனியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வீட்டில் ஜெபம். அந்த வீட்டுச் சகோதரியிடம் டீ போடச் சொல்லியிருக்கிறேன். சபையிலிருந்து பேப்பர் கப் வாங்கித் தருகிறேன் என்று ஒரு சகோதரர் முன்வந்தார், வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவர்கள் வீட்டு டம்ளரிலேயே குடிப்போம். பஸ் போய்விடும் என்று யாரும் அவசரமாய் எழுந்திருக்க வேண்டாம். கடைசி டவுன் பஸ் 9.20-க்குத்தான்.