மக்தபில் பிரம்பும் பரிசும்

வானூர், மரக்காணம் கரையோரத்து மஹல்லாக்களில் காலையில் மக்தபுக்கு ஓத வரும் சிறார்களை எவ்வாறு ஒழுங்குபடுத்துவது? பிரம்பு மெல்ல மறைந்து வருகிறது. அதன் இடத்தில் சுவரில் ஓர் அட்டவணை தொங்குகிறது. பாடம் ஒப்பித்தவனுக்கு நட்சத்திரம். குறும்பு செய்தவன் பெயருக்கு எதிரே சிவப்புப் புள்ளி. மாதக் கடைசியில் அதிக நட்சத்திரம் பெற்றவனுக்குப் பேனாவோ டிபன் பாக்ஸோ பரிசு. "அடித்து வளர்க்காவிட்டால் பிள்ளை உருப்படுமா?" என்று கேட்போர் ஒருபுறம். "அல்லாஹ்வின் வேதத்தைப் பேனாவுக்காக ஓதப் பழக்கலாமா?" என்று கேட்போர் மறுபுறம். இரு சாராரின் கவலையும் பிள்ளைகள் மீதுள்ள அக்கறையால் எழுந்ததே. மார்க்கத்தின் ஒளியில் இதைச் சற்றுச் சிந்திப்போம்.

பிரம்பு

"கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள், ஹஜ்ரத்!" என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைத்த காலம் ஒன்று இருந்தது. இதற்கு ஆதாரமாக, ஏழு வயதில் தொழுகையை ஏவுவது பற்றியும் பத்து வயதில் கண்டிப்பது பற்றியும் அபூதாவூதில் வரும் நபிமொழியைக் காட்டுவார்கள். அந்த ஹதீஸை நாம் மறுக்கவில்லை. நிதானமாகப் படிக்கவே வேண்டுகிறோம். ஏழுக்கும் பத்துக்கும் இடையே மூன்று ஆண்டுகள் உள்ளன. நாளுக்கு ஐந்து வேளை என்றால் ஐயாயிரம் தடவைக்கு மேல் வாயால் சொல்லியாக வேண்டும். அதன் பிறகும் காயம் படக்கூடாது, முகத்தில் அடிக்கக்கூடாது என்று ஃபுகஹாக்கள் நிபந்தனை விதித்துள்ளார்கள். மக்தபில் அமர்ந்திருப்போரில் பெரும்பாலோர் பத்து வயதை எட்டாதவர்கள். 'பே'யையும் 'தே'யையும் குழப்பிக்கொள்ளும் ஆறு வயதுக் குழந்தையை அடிக்க அந்த ஹதீஸில் இடம் எங்கே இருக்கிறது?

இமாம் இப்னு கல்தூன் (ரஹ்) அவர்கள் 1377இல் எழுதிய 'முகத்திமா'வில் இதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். கடுமையில் வளரும் பிள்ளையின் உள்ளம் சுருங்கும். அடிக்குத் தப்புவதற்காகப் பொய்யும் சூதும் பழகும். பின்னர் அதுவே குணமாகிவிடும் என்பது அவர்கள் கண்ட உண்மை. உள்ளத்தில் இல்லாததை வெளியில் காட்டும் பழக்கத்துக்கு மார்க்கத்தில் என்ன பெயர் என்பதை வாசகர்கள் அறிவார்கள். அதை ஓதும் இடத்திலேயே கற்றுக்கொடுக்கலாமா?

2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தை வதைக்கும் தண்டனையையும் பள்ளிக்கூடங்களில் தடை செய்தது. 2012இல் வந்த திருத்தம், மார்க்கக் கல்வி நிலையங்களுக்கு அச்சட்டம் பொருந்தாது என்று விலக்கு அளித்தது. இந்த விலக்கை அடிப்பதற்கான அனுமதியாக யாரும் எண்ணிவிட வேண்டாம். அரசுப் பள்ளியில் பாதுகாப்பாக இருக்கும் அதே பிள்ளை, அல்லாஹ்வின் வேதத்தை ஓதும் இடத்தில் அஞ்சி நடுங்கினால் அந்த வெட்கம் நம்மைச் சேரும்.

பரிசு

சரி, பரிசு கூடுமா? கூடும். சுவனத்தைச் சொல்லி ஆர்வமூட்டிய மார்க்கம் நம்முடையது. ஆஷூரா நோன்பு நோற்ற குழந்தைகள் பசியால் அழுதபோது, ஸஹாபிப் பெண்மணிகள் கம்பளி நூலால் பொம்மை செய்து கொடுத்ததை ருபய்யிஉ (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இது புகாரியில் உள்ளது. பருவமடையாத பிள்ளையின் மீது எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது. எனவே பேனாவுக்காக ஓதிய சிறுவனை முகஸ்துதிக்காரன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பழக்கம் பருவத்தைத் தாண்டியும் வரும் அல்லவா? கவலை அங்கேதான்.

1973இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு அறிஞர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வைக் கவனியுங்கள். படம் வரைவதில் தாமாகவே ஆசை கொண்ட மழலையரில் ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் பரிசுப் பத்திரம் தருவதாக முன்கூட்டியே சொன்னார்கள். மற்றொரு பிரிவினருக்கு ஒன்றும் சொல்லாமல், வரைந்த பின் திடீரெனக் கொடுத்தார்கள். சில நாட்கள் கழித்துப் பார்த்தபோது, பேரம் பேசப்பட்ட குழந்தைகள் வரைவதில் செலவிட்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களின் ஆசை குறையவில்லை. அன்பளிப்பு ஆசையைக் கெடுக்காது, பேரம் கெடுத்துவிடும்.

யாருக்கு நட்சத்திரம்?

அட்டவணையில் இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. நட்சத்திரம் யாருக்குப் போகிறது? நாக்கு எளிதில் திரும்புகிறவனுக்கு. வீட்டில் ஓதிக் கொடுக்க ஆள் உள்ளவனுக்கு. திக்கித் திணறிக் குர்ஆன் ஓதுபவருக்கு இரண்டு கூலி உண்டென்று பெருமானார் (ஸல்) அவர்கள் அருளியதை அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். அல்லாஹ்விடம் இரண்டு கூலி பெறும் பிள்ளைக்கு நம் சுவரில் ஒரு நட்சத்திரமும் இல்லை! பெற்றோர் விடியுமுன் உப்பளத்துக்குப் புறப்பட்டுவிட, தம்பிக்குச் சோறூட்டிவிட்டு ஓடி வரும் சிறுமிக்குத் தாமதம் என்று சிவப்புப் புள்ளி! இது நீதியா?

அல்லாஹுத் தஆலாவின் கணக்கைப் பாருங்கள். நன்மையை எண்ணினாலே ஒன்று. செய்தால் பத்திலிருந்து எழுநூறு வரை. தீமையை எண்ணி அவனுக்காக விட்டுவிட்டால் அதற்கும் ஒரு நன்மை. செய்துவிட்டால் ஒன்றே ஒன்று. அங்கே ஒருவர் பெற்றதால் இன்னொருவருக்குக் குறைவதில்லை. நம் அட்டவணையோ ஒருவனைத் தூக்கி இருபது பேரைத் தாழ்த்துகிறது.

மேலும், சிவப்புப் புள்ளி எல்லோர் கண்ணிலும் படுகிறது. பிள்ளையின் நற்செயலைப் பலர் முன் பாராட்ட வேண்டும். முதல் தவறைக் காணாதது போல் விட்டுவிட வேண்டும். மீண்டும் செய்தால் தனிமையில் கண்டிக்க வேண்டும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 'இஹ்யா'வில் வழிகாட்டுகிறார்கள். நம் கடற்கரை மக்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாத்தியில் உவர்நீர் கட்டி, வெயிலில் காய வைத்து, பல நாள் உழைத்துச் சேர்த்த உப்பைக் காலந்தப்பிய ஒரு மழை கரைத்துவிடும். பல மாதம் அன்பு காட்டிச் சேர்த்ததைப் பலர் முன் செய்த ஓர் அவமானம் அவ்வாறே கரைத்துவிடும்.

எனவே உஸ்தாதுமார்களும் பெற்றோர்களும் இவற்றைப் பேணுவது நன்று:

1. பிள்ளையை அடுத்த பிள்ளையோடு ஒப்பிடாமல், அவனுடைய நேற்றைய பாடத்தோடு ஒப்பிடுங்கள்.

2. பரிசு சிறியதாக, எதிர்பாராததாக, எல்லோருக்கும் எட்டுவதாக இருக்கட்டும். ஒரு மகனுக்கு மட்டும் கொடுத்த அன்பளிப்புக்குச் சாட்சியாக நிற்க நாயகம் (ஸல்) அவர்கள் மறுத்ததை மறவாதீர்கள்.

3. தருவதாகச் சொன்ன மிட்டாயைத் தந்தே தீருங்கள். குழந்தையை அழைத்து ஒன்றும் கொடுக்காமல் விட்டால் அது பொய்யாக எழுதப்படும் என்று எச்சரிக்கப்பட்டிருக்கிறோம்.

4. கண்டிப்பு தனிமையில் இருக்கட்டும். சுவரில் எந்தப் பிள்ளையின் குற்றமும் தொங்க வேண்டாம்.

5. ஓதியதன் பொருளை ஒரு வரியேனும் சொல்லிக்கொடுங்கள். சுவை அறிந்த பிள்ளைக்குக் கூலி தேவைப்படாது.

பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை அண்ணலார் (ஸல்) அவர்கள் ஒருமுறைகூட 'சீ' என்று சொன்னதில்லை. அந்தப் பத்தாண்டுகளில் அனஸ் (ரலி) அவர்கள் எந்த அட்டவணையைப் பார்த்து ஒழுக்கம் கற்றார்கள்? தம் முன் நடமாடிய ஆசானைப் பார்த்தே கற்றார்கள். நம் பிள்ளைகளும் முதலில் நம்மைத்தான் ஓதுகிறார்கள்.

நம் மக்தபுகளை அன்பு நிறைந்த இடங்களாகவும், நம் மக்களைக் கண்குளிர்ச்சியாகவும் வல்ல நாயன் ஆக்கியருள்வானாக! ஆமீன்.