கல்வியின் காற்கூறு

பொதுத்தேர்வின் முடிவு வெளிவரும் நாளில் இத்திருவண்ணாமலையில் மாணாக்கன் ஒருவன் எதிர்ப்படின், கோபுர வாயிலிலாயினும் கடைத்தெருவிலாயினும் அவனை நோக்கி எழும் வினா ஒன்றே: ‘எத்துணை மதிப்பெண்?’ யாது கற்றாய் என்பார் அரியர். வினாவின் வழியே அவன் உள்ளமுஞ் செல்லுமாகலின், அவனை மட்டும் குறைகூறுதல் முறையன்று.

கல்வியை அளத்தல் தகாது என்பது எம் கருத்தன்று. நம் முன்னோரும் அளந்தனர். எதனை அளந்தனர் என்பதே ஆராயத்தக்கது. பவணந்தி முனிவர் நன்னூற் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரைத் தரம் பிரிக்குமிடத்து, சொன்னதைச் சொல்லும் கிளியை இடைமாணாக்கனுக்கே உவமையாக்கினார். பாலையும் நீரையும் பிரித்துணரும் அன்னமும், மேய்ந்ததை அமர்ந்து அசைபோடும் ஆவுமே தலைமாணாக்கர்க்கு உவமை. இக்காலத் தேர்வுகளுட் பல கிளிக்கே முதலிடம் அளிக்கின்றன.

அம்முனிவர் பிறிதொரு கணக்குங் கூறுகின்றார். ஆசிரியர் உரைத்ததை முற்றக் கொண்டவனும் புலமையிற் காற்கூறே பெறுவான். உடன்பயில்வாரோடு கலந்து பயில்வதால் மற்றொரு காற்கூறு வரும். பிறர்க்குச் செவ்விதின் எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைக்கூறு நிரம்பும். தேர்வு மண்டபத்தில் அளக்கப்படுவது இவற்றுள் எது? பெரும்பாலும் முதற் காற்கூறே. தரவரிசையோ இரண்டாவதனையும் கெடுக்கின்றது. உடன்பயில்வான் பகைவனாயின், அவனிடம் ஐயம் வினவுவார் யார்? தமிழ்நாட்டரசு 2017-ஆம் ஆண்டில் பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வுகளில் முதன்மை பெற்றோர் பட்டியலை வெளியிடுதலை நிறுத்தியது. நற்செயலே, ஆயினும் அப்பட்டியல் பெற்றோர் நெஞ்சினின்றும் நீங்கவில்லை.

மூன்றாவதாகிய அரைக்கூற்றின் ஆற்றலுக்கு டாக்டர் உ. வே. சாமிநாதையர் வரலாறே சான்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பல ஆண்டு பயின்று, 1880-இற் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்த அவர், அவ்வாண்டிலேயே அவ்வூர்க்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைக் கண்டார். கற்ற நூல்கள் யாவை என முதலியார் வினவ, அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என நெடும்பட்டியல் ஒன்றை ஐயர் அடுக்கினார். இன்றைய மதிப்பெண் பட்டியலினும் அது பெரிது, பொய்யில்லாததுங்கூட. முதலியார் வியந்திலர், சீவக சிந்தாமணியைக் கற்றதுண்டோ என்றார். ஐயர் அதுகாறும் கல்லாத அந்நூலை அவர்க்கே பாடஞ்சொல்லும்படி நேர்ந்தது. சொல்லப் புகுந்தபோதே விளங்காத இடங்கள் தலைப்பட்டன. சமண நூற்பொருளைக் கும்பகோணத்துச் சமணரிடம் சென்று கேட்டறிந்தார். 1887-இல் சிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. அவ்வுழைப்புக்கு எத்தேர்வும் மதிப்பெண் வைத்ததில்லை.

வயிற்றுப்பாட்டிற்கு மதிப்பெண் வேண்டுமே என்பர். வேண்டும், மறுப்பார் இலர். ஒரே வகுப்பில் ஐம்பதின்மரை வைத்துக்கொண்டு இவையெல்லாம் இயலுமோ என்னும் ஆசிரியர்க்கும் விடை அரைக்கூற்றிலேயே உளது: கற்றவன் கல்லாதவனுக்கு உரைக்கட்டும், இருவரும் பயன்பெறுவர், ஆசிரியர் சுமையுங் குறையும்.

சித்தாந்த வகுப்பு நடாத்தும் மடத்தார்க்கு ஒரு விண்ணப்பம். சிவஞானபோதச் சூத்திரம் பன்னிரண்டனையும் எழுதித் தேறியவனுக்குச் சான்றிதழ் அளிக்குமுன், அவற்றுள் ஒன்றனை இளைய மாணாக்கர் இருவர்க்கு அவன் விளக்குமாறு செய்க. அவர்கள் தடை எழுப்பட்டும். ‘இதனை அறியேன், ஆராய்ந்து உரைப்பேன்’ என அவன் சொல்லின் அதனையும் தகுதியாகவே கொள்க. சகலாகம பண்டிதர் எனப் பெயர்பெற்ற அருணந்தி சிவாசாரியாரே, இளையராகிய மெய்கண்டார் முன் மாணாக்கராய் நின்றார். பட்டம் வேண்டி வகுப்பிற்கு வருவோர்க்கு அவ்வரலாற்றை முதனாளிலேயே உரைத்துவிடலாம்.