பழுதும் பழியும்

ஒரு காரியம் நடந்த பிறகு ஒரு தீங்கு நேர்ந்தால், அந்தக் காரியத்தைச் செய்தவர்மீது பழி போடுவது மனித இயல்பு. மருந்து கொடுத்த மறுநாள் காய்ச்சல் ஏறினால் வைத்தியரை ஏசுகிறோம். மருமகள் வந்த மாதத்தில் வியாபாரம் படுத்தால் அவள் காலடி வைத்த நேரம் என்கிறோம். பட்டறையில் சீர்செய்த மறுநாள் மோட்டார் வண்டி நின்றுவிட்டால், பட்டறைக்காரரைச் சும்மா விடுவோமா? இதில் நியாயம் எவ்வளவு, அநியாயம் எவ்வளவு என்பதைச் சற்று நிதானமாகச் சிந்திக்க வேண்டும். ஊருக்கு உபதேசமாக இதைச் சொல்லவில்லை. நாமே வழுக்கி விழுந்த இடத்திலிருந்து சொல்கிறோம்.

கேமரன் மலைக்குப் போனவர்கள் அந்தச் சாலையை அறிவார்கள். தாப்பாவில் புறப்பட்டு, வளைவுக்குமேல் வளைவாக ரிங்லெட்டைக் கடந்து, 1,400 மீட்டருக்கும் மேலுள்ள தானா ராத்தாவை அடைய வேண்டும். 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டம் முதலானவை அம்மலைச் சரிவுகளில்தான் உள்ளன. அங்கே பழைய லேண்ட் ரோவர் வண்டிகள் இன்றும் உழைக்கின்றன. அப்படியொரு வண்டி நம் பொறுப்பிலும் இருந்தது. தோட்டத்து லயங்களில் யாருக்கு அவசரம் என்றாலும், இன்னார் இனியார் என்று பாராமல் அது ஓடும்.

ஒருமுறை அதை மலையடிவாரத்திலுள்ள ஒரு பட்டறையில் விட்டு, எண்ணெய் மாற்றி, பிளக் மாற்றி, கார்புரேட்டரையும் சுத்தம் செய்து எடுத்து வந்தோம். இரண்டாம் நாள் இரவு, மூச்சுத் திணறிய மூதாட்டி ஒருவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்போது, ஏற்றத்தில் வண்டி இருமியது, கரும்புகை கக்கியது, நின்றுவிட்டது. பின்னால் வந்த காய்கறி லாரியில்தான் அவரை ஏற்றி அனுப்பினோம். இறைவன் அருளால் பிழைத்தார். ஆனால் நமக்கு நெஞ்சு கொதித்தது. அந்த வாரம் ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்திலேயே, “அந்தப் பட்டறைக்காரனை நம்பாதீர்கள், நல்ல சாமானைக் கழற்றிக்கொண்டான்” என்று நாலு பேரிடம் சொன்னோம். நாலு பேர் நாற்பது பேரிடம் சொன்னார்கள்.

மறுநாள் தோட்டத்துப் பட்டறையின் வயதான போர்மன் ஒருவர் வண்டியைப் பார்த்தார். யாரையும் ஏசாமல், கடைசியாகக் கைபட்ட இடங்களை முதலில் தேடினார். பிளக் கம்பிகள் 1, 3, 4, 2 என்ற வரிசையில் இருக்கின்றனவா, ரப்பர்க் குழாய் ஏதேனும் கழன்று காற்றை இழுக்கிறதா, பேட்டரி முனை இறுகியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். எல்லாம் சரி. பிறகு ஒரு பிளக்கைக் கழற்றினார். வைத்தியர் நாக்கைப் பார்ப்பதுபோல் எஞ்சினுக்குப் பிளக்கைப் பார்க்க வேண்டும் என்றார். நல்ல எஞ்சினில் அது இளம்பழுப்பாக இருக்கும். காற்று மிகுந்தால் வெளுக்கும். பெட்ரோல் மிகுந்தால் கரி படியும். நம்முடையது அடுப்புக்கரியாக இருந்தது.

“பாய், இதற்கு எங்கே வேலை செய்தீர்கள்?” என்று கேட்டார். “கீழே” என்றோம். “மேலே ஓடுகிற வண்டி என்று சொன்னீர்களா?” என்றார். நாம் சொல்லவில்லை.

மலையில் காற்று மெலிந்தது. தானா ராத்தா உயரத்தில், கடலோரக் காற்றைவிட ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. காற்று குறைந்தால் பெட்ரோலும் குறைய வேண்டும். பழைய கார்புரேட்டருக்கு அதைத் தானாகச் செய்யத் தெரியாது. அதனால் யாரோ முன்னாளில் சிறிய துளையுள்ள ஜெட்டைப் போட்டிருந்தார்கள். கீழேயுள்ளவர் அது தேய்ந்ததைக் கண்டு, அந்த வண்டிக்குரிய அளவில் புதியதைப் போட்டார். முறைப்படி அவர் செய்தது சரியே. கழற்றிய பழைய ஜெட்டோ, காகிதத்தில் மடித்து, ஓட்டுநர் இருக்கையின் முன்னுள்ள தட்டிலேயே கிடந்தது. திருடன் என்று நாம் தூற்றியவரின் நாணயம் நம் வண்டியிலேயே இருந்தது. நாம் கைவிட்டுப் பார்க்கவில்லை.

அன்பர்களே, இங்கே மூன்று கூற்றுகள் உள்ளன. வேலைக்குப் பிறகு பழுது வந்தது என்பது ஒன்று. வேலையால் பழுது வந்தது என்பது மற்றொன்று. வேலை செய்தவரின் குற்றத்தால் வந்தது என்பது மூன்றாவது. முதலாவதைக் கண் காட்டும். இரண்டாவதை ஆராய்ச்சி காட்டும். மூன்றாவதை, மற்றவர் தரப்பையும் கேட்ட பிறகே சொல்ல இயலும். நாமோ முதல் படியிலிருந்து மூன்றாம் படிக்கு ஒரே தாவாகத் தாவிவிட்டோம்.

அப்படியானால் பட்டறை வேலையைச் சந்தேகிக்கவே கூடாதா? அதுவும் தவறு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடலோர விமானப் படையின் கணக்குகளை ஆராய்ந்த வாடிங்டன் என்ற உயிரியல் அறிஞர், 50 மணி நேரப் பறப்புக்கொருமுறை நடந்த பரிசோதனையை அடுத்துத்தான் விமானங்களில் பழுது மிகுந்ததைக் கண்டார். நாள் செல்லச் செல்லப் பழுது குறைந்தது. 1973-இல் வெளியான அவருடைய நூலில் இது உள்ளது. நன்றாக ஓடுவதைக் கலைப்பதிலும் ஆபத்து உண்டு என்பதே இதன் பாடம். இதன்பேரில் தொழிலாளரைத் தூற்றவில்லை; பரிசோதனை முறையையே மாற்றினார்கள். கைபட்ட இடத்தைத் தேடுவது அறிவு. கைவைத்தவரைத் தேடி அடிப்பது ஆத்திரம்.

திருக்குர்ஆனின் 49-ஆம் அத்தியாயம் வீண் சந்தேகத்தைக் கண்டிப்பதை நாம் அறியாதவர்களல்லர். அறிந்தே தவறினோம் என்பதுதான் வெட்கம். இன்றைய வண்டிகளில் கணினியே காற்றை அளந்து பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கிறது. நாவுக்கு அப்படியொரு கருவி இன்னும் வரவில்லை.

பழைய ஜெட்டைச் சுத்தம் செய்து மாட்டியதும் வண்டி ஓடியது. அடுத்த வாரம் மலையிறங்கி அந்தப் பட்டறைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டோம். வாடிக்கை குறைந்திருப்பதாக அவர் சொன்னார். பிறகு, “என்மேலும் தவறு உண்டு, பாய். சின்ன ஜெட் ஏன் இருக்கிறது என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும்” என்றார். குற்றமற்றவர் தம் பங்கைத் தேடினார். குற்றம் செய்த நாம் பிறர் பங்கைத் தேடியிருந்தோம்.

மன்னிப்பை ஒருவரிடம் கேட்டால் போதும். பழியை நாற்பது பேரிடமிருந்து திரும்ப வாங்க வேண்டும். எந்த முற்றத்தில் சொன்னோமோ அதே முற்றத்தில் அடுத்த ஜும்ஆவன்று எழுந்து நின்று உண்மையைச் சொன்னோம். கேட்டவர் சிலர், அன்று வராதவர் பலர். அவர்களுக்காகவே இதை இங்கே எழுதுகிறோம்.