தொடுகிற கை

ஒருவரைத் தொடாமல் அவருக்குப் பணிவிடை செய்ய முடியுமா? முதுமையில் படுத்துவிட்டவரைத் தூக்கி உட்கார வைக்க வேண்டும், குளிப்பாட்ட வேண்டும், உணவை வாயில் ஊட்ட வேண்டும். அன்பு என்று நாம் பெரிதாகப் பேசுகிறோமே, அந்தப் படுக்கையருகே அதற்குக் கை என்றுதான் பொருள். அந்தக் கையே நோயையும் சுமந்து வருமானால் என்ன செய்வது?

2020-ஆம் ஆண்டில் பரவிய கொரோனா என்னும் கொள்ளைநோய் இந்தக் கேள்வியைத்தான் முதியோர் இல்லங்களின் வாசலில் கொண்டுவந்து வைத்தது. அமெரிக்காவில் அந்த ஆண்டு பிப்ரவரி இறுதியிலேயே, வாஷிங்டன் மாநிலத்துக் கர்க்லண்டு நகரில், ஓர் இல்லத்துக்குள் நோய் புகுந்து பலரை வாரிக்கொண்டு போயிற்று. மார்ச் 13-ஆம் தேதி, உறவினர் யாரும் இல்லங்களுக்குள் வரக்கூடாது என்று அரசாங்கம் சொல்லிவிட்டது. தாய் உள்ளே, மகள் வெளியே. நடுவில் ஜன்னல் கண்ணாடி. நோயால் இறந்தவர்களை எண்ணிவிடலாம். தனிமையால் நொந்தவர்களை எந்தக் கணக்கில் எழுதுவது?

டிசம்பரில் தடுப்பூசி வந்தது. முதல் ஊசி யாருக்கு என்ற கேள்வியும் கூடவே வந்தது. நாளை போகப் போகிறவர்களுக்கா என்று சிலர் மனத்துக்குள் கேட்டிருக்கக்கூடும். ஆனால் பல நாடுகள் முதியவர்களையே முன்னே நிறுத்தின. ஜெர்மனியின் ஹால்பர்ஸ்டாட் நகரத்து இல்லமொன்றில் 101 வயது மூதாட்டி முதல் ஊசியைப் போட்டுக்கொண்டார். அமெரிக்காவிலோ இல்லவாசிகளும் மருத்துவப் பணியாளர்களும் முதல் வரிசையிலேயே வைக்கப்பட்டார்கள். இரண்டே மாதங்களில் அங்கே இல்லங்களில் சாவு மளமளவென்று குறைந்தது. 2021 மார்ச் 10-ஆம் தேதி புதிய விதி வந்தது: ஊசி போட்டுக்கொண்ட முதியவர், முகக்கவசம் அணிந்து, தம்மைப் பார்க்க வருகிறவரைத் தொடலாம். ஓராண்டுக்குப் பிறகு மகளின் கை தாயின் கையைப் பற்றிற்று. ஊசி உயிரை மட்டுமா காத்தது? ஸ்பரிசத்தையும் மீட்டுக் கொடுத்தது.

இனித்தான் தர்மசங்கடம். அமெரிக்காவில் ஊசி போடத் தொடங்கிய முதல் மாதத்தில் 11,000-க்கு மேற்பட்ட இல்லங்களைக் கணக்கெடுத்தார்கள். நடுத்தரமான ஓர் இல்லத்தில் முதியவர்களில் நூற்றுக்கு 78 பேர் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். பணியாளர்களிலோ நூற்றுக்கு 38 பேர்தாம். மார்ச் மாதத்தில் கெண்டக்கி மாநிலத்து இல்லமொன்றில் ஊசி போடாத பணியாளர் ஒருவர் வழியாக நோய் நுழைந்தது. 46 பேரைப் பற்றியது. மூன்று முதியவர்கள் மாண்டார்கள். அவர்களில் இருவர் ஊசி போடாதவர்கள், ஒருவர் போட்டுக்கொண்டவர். முதுமையில் உடம்பின் எதிர்ப்புச் சக்தி தளர்ந்துவிடுகிறது. தம் தோளில் போட்ட ஊசி மட்டும் போதாமல், பிறர் தோளில் போட்ட ஊசியையும் நம்பித்தான் அவர்கள் வாழ வேண்டியிருந்தது.

அந்தப் பணியாளரைக் கொடியவர் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த வேலையில் கூலி குறைவு. சம்பளத்தோடு விடுப்பு இல்லாத இடங்களும் உண்டு. ஊசி போட்ட மறுநாள் காய்ச்சல் வந்தால் அன்றைய கூலி போய்விடும். அந்தப் பணிப்பெண்களில் கறுப்பின மக்கள் பலர். 1932 முதல் 1972 வரை டஸ்கீகியில் அரசாங்க மருத்துவர்களே கறுப்பின ஆண்களின் மேகநோயைக் குணப்படுத்தாமல் விட்டு வேடிக்கை பார்த்த கதையை அவர்கள் மறந்துவிட வேண்டுமா?

ஆனாலும் ஒன்று சொல்லத்தான் வேண்டும். என் உடம்பு என்னுடையது என்பது உண்மை. அதைச் சொல்கிறவர் வேலையை விட்டுப் போகலாம். வேறு வேலை தேடலாம். படுக்கையில் கிடக்கிறவர் எங்கே எழுந்து போவார்? எந்தக் கை தம்மைத் தொட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் அவருக்கு உண்டா? தப்பி ஓட முடியாதவரைத் தொடுகிறவருக்கு, ஓட முடிந்தவரைத் தொடுகிறவரைவிடக் கடமை அதிகம்.

இங்கிலாந்தில் இந்தக் கடமையைச் சட்டமாகவே ஆக்கினார்கள். 2021 நவம்பர் 11 முதல் ஊசி போடாதவர் முதியோர் இல்லத்தில் வேலை செய்யக் கூடாது என்றார்கள். 2022 மார்ச் 15-இல் அதை நீக்கியும் விட்டார்கள். இடையில் நோயின் உருவம் மாறியிருந்தது. பரவலைத் தடுக்கும் வலிமை ஊசிக்குக் குறைந்திருந்தது. பிறரைக் காப்பதற்காக விதித்த கட்டாயம், பிறரைக் காக்கும் அளவுக்குத்தான் நியாயமாகும். ஆகவே நீக்கியதில் தவறு காண முடியாது.

சட்டம் போகலாம், கடமை போய்விடுமா? ஒரு பங்கு கடமை பணியாளருக்கு என்றால், மறு பங்கு நமக்கு. நம் பெற்றோரைக் குளிப்பாட்டும் கைக்கு நாம் என்ன கூலி கொடுத்தோம்? காய்ச்சல் நாளில் அதை ஓய்ந்திருக்க விட்டோமா? அதன் அச்சத்துக்கு உட்கார்ந்து பதில் சொன்னோமா? இவற்றுக்கெல்லாம் பதில் வைத்துக்கொண்டிருக்கிறவர்தாம் அந்தக் கையைப் பார்த்து, "நீ ஏன் ஊசி போட்டுக்கொள்ளவில்லை?" என்று கேட்கலாம்.