ஆறு வாரம்

'பொறுத்திருங்கள்' என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு நம் சனங்களுக்குக் காது புளித்துப் போயிருக்கிறது. அதையே ஒரு டாக்டர் மருந்தாகச் சொன்னால் என்ன செய்வது? என் அக்கா மகனுக்கு அப்படித்தான் சொன்னார்கள்.

எட்டு வயசுப் பையன். குரங்குப்பெடல் போட்டு விழுந்ததில் ஹேண்டில்பார் வயிற்றில் குத்திவிட்டது. வெளியே பெரிய காயமில்லை. கணையம் முதுகெலும்புக்கு முன்னால் குறுக்கே கிடக்கிறது. குத்து விழுந்தால் எலும்போடு சேர்ந்து நசுங்கும். சோறு செரிக்கவைக்கிற நீர் கசிந்து தேங்கும். உடம்பு அதைச் சுற்றிச் சுவர் எழுப்பும். சுவருக்கு உள்தோல் கிடையாது, அதனால் பொய்க்கட்டி என்று பேர். (பையன் வலியில் சுருண்டபோது பள்ளிக்கூடத்தில் 'நடிக்கிறான்' என்றார்கள். அதற்கும் பொய் என்றுதான் பேர்.)

உடனே அறுக்க முடியாது. பச்சைச் சுவரில் தையல் நிற்காது. நாலிலிருந்து ஆறு வாரத்தில் சுவர் முற்றும். பிறகு இரைப்பையோடு இணைத்து வடியவிடலாம், வாய்வழியாகக் குழாய் விட்டும் செய்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பல கட்டிகள் கத்தி படாமலே வற்றிவிடும். ஆக டாக்டர் சொன்னது சரி. அதில் எனக்குச் சண்டையில்லை.

அக்கா கேட்டாள்: "ஆறு வாரம் நான் பொறுத்துக்கறேன்டா. வவுறு பொறுக்குமா?"

அது நடவுக் காலம். ஒருநாள் போகாவிட்டால் ஒருநாள் கூலி இல்லை. மருத்துவத்தில் பொறுத்திருப்பது சும்மா இருப்பதல்ல. கட்டி வளர்கிறதா என்று ஸ்கேன் பார்க்கணும். கொழுப்பில்லாத சாப்பாடு கொடுக்கணும், அதுவும் இறங்காவிட்டால் மூக்குவழியே குழாயில் ஊட்டணும். காய்ச்சலோ விடாத வாந்தியோ வந்தால் அன்றைக்கே ஓடணும். சீழ் பிடித்திருக்கலாம், உள்ளே ரத்தம் கசியலாம். ரெண்டு பஸ் மாறி வருகிறவளிடம் 'ஆறு வாரம் கழிச்சு வா' என்று சீட்டில் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் அதற்குப் பேர் வைத்தியமா? கைகழுவுவதற்கும் அதே சொல்தான். அக்கா கம்மலை அடகு வைத்து ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். கட்டி வற்றியது. அவள் இழந்த கூலி எந்தச் சீட்டிலும் ஏறவில்லை.

இன்னொன்று. "யாரு அடிச்சீங்க?" என்று அவளை மூன்று பேர் கேட்டார்கள். கேட்கத்தான் வேண்டும். வயிற்றில் உதைபட்டாலும் கணையம் நசுங்கும், அடிபடுகிற பிள்ளைகள் எல்லாத் தெருவிலும் இருக்கிறார்கள். ஆனால் பக்கத்துக் கட்டிலில் அதேபோலச் சைக்கிளில் விழுந்த ஊர்த்தெருப் பையன் படுத்திருந்தான். அவன் அப்பாவிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. அங்கேயும் கேட்டிருந்தால் அக்கா முகம் அப்படிச் சுண்டியிருக்காது.